குடிநீர் உண்டு என்று எழுதினேன்

எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த வால்வு எதை மூடும் என்று வெளியில் யாரிடமும் வாய் திறப்பதில்லை என நாலு பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆற்றை ஒட்டிப் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "ஜெயில் ஸ்டாப் எறங்கு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுகிறார் என்பது வேறு விஷயம். அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

கட்டடத்துக்குள் தண்ணீர் வருவது, கழிவு போவது, காற்று ஓடுவது, இந்த மூன்றும் என் தொழில். நானே வரைவேன், நானே ஆள் வைத்துக் குழாய் போட்டும் கொடுப்பேன். படம் போட்டவர் மேல் மேஸ்திரியும், மேஸ்திரி மேல் படம் போட்டவரும் பழியைப் போட்டுவிட்டு நழுவுகிற வசதி இதில் கிடையாது. தப்பு நடந்தால் அது என் தப்புதான். இது தெரிந்தேதான் இறங்கினேன். கல்யாண வீட்டுக்குப் போனால் பெண் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டபத்துக் கழிவறையைப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். கை கழுவுகிற இடத்தில் எத்தனை குழாய் ஒழுகுகிறது என்று எண்ணாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. "மொய் எழுதுன உடனே கெளம்பிருவோம், நீ செப்டிக் டேங்க பாக்கப் போயிராத" என்று என் வீட்டுக்காரர் வாசலிலேயே சொல்லிக் கூட்டிப் போவார்.

அப்படிப்பட்டவளுக்கு விசாரணைக் கைதிப் பெண்களுக்கான எட்டு அறைக் கட்டடம் கிடைத்தால் எப்படி இருக்கும்? திருவிழாக் கடைக்குள் அவிழ்த்துவிட்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன்.

முதல் விதியே என்னைப் பிடித்துக்கொண்டது. அறைக்குள் துணியைக் கட்டித் தொங்கவிடும்படி எதுவுமே இருக்கக் கூடாது. குழாய், கைப்பிடி, கொக்கி, காற்றுச் சன்னல் கம்பி, எதுவும். உயிர் சம்பந்தப்பட்ட விதி அது. பாளையங்கோட்டையில் பாத்ரூம் சாமான் விற்கிற கடைக்குப் போய், என் துப்பட்டாவை எடுத்து ஒவ்வொரு குழாயாக மாட்டி இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிட்டே வந்து, "எம்மா, வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று பைய கேட்டார். இல்லை, ஜெயிலுக்கு என்றேன். அதைக் கேட்டு அவர் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

கடைசியில் குழாயே இல்லாத குழாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். சுவரில் ஒரு பொத்தான், அதற்குக் கீழே ஒரு ஓட்டை. அமுக்கினால் தண்ணீர் வரும், பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும். காற்றுக்கு அரிசி நுழைகிற அளவில் துளை போட்ட இரும்புத் தகடு. அதன் பின்னால் காற்றை இழுக்க மொட்டைமாடியில் பெரிய விசிறி. சித்திரை வெயிலில் அந்தத் துளை வழியாக எவ்வளவு காற்று போகும் என்று ஊதுபத்தி கொளுத்திப் பார்த்துப் பார்த்து அறை முழுக்கக் கோயில் வாசனை அடித்தது.

குழாய்கள் எல்லாம் அறைகளுக்குப் பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்தில் இருக்கும். ரிப்பேர் வந்தால் அறைக்குள் போகாமலே அங்கிருந்து பார்த்துவிடலாம். படத்தில் அதற்கு ஏதோ பெரிய பெயர் போட்டிருந்தேன். என் ஆட்கள் முதல் நாளே அதை முடுக்கு ஆக்கிவிட்டார்கள். "மூணாம் நம்பர் முடுக்குல ஒழுகுதுவே" என்றால் எல்லோருக்கும் புரியும். பெயர் வைத்தவர் எங்கள் பிளம்பர் அண்ணாச்சி. என்னோடு பதினைந்து வருஷமாக வேலை செய்கிறவர். அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருக்கும்போதுதான் அவரைக் கவனிக்க வேண்டும் என்பது எனக்கு இந்த வேலையில்தான் புரிந்தது.

என் பெருமை எல்லாம் அந்த எஃகுச் சாமான்தான். வெளிநாட்டுச் சிறைகளில் வைப்பது. கீழே கழிப்பிடம், அதன் தலைமேல் ஒரு சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் குடிநீர் வருகிற வாய். எல்லாம் ஒரே வார்ப்பு மாதிரி, ஒரு திருகாணிகூட வெளியில் தெரியாது. பிடுங்க முடியாது, உடைக்க முடியாது, எதையும் மறைக்க முடியாது. குடிநீருக்கும் கழிவறைத் தண்ணீருக்கும் முடுக்கிலேயே தனித்தனிக் குழாய். ஒன்று மற்றதில் கலக்க வழியே இல்லை. நம் ஆட்களுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டுமே என்று, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தனியாக ஒரு பொத்தானும் ஒரு பிளாஸ்டிக் கப்பும் வைத்தேன். வெளிநாட்டுக்காரனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றிவிட்டது என்று அன்று ரொம்ப மகிழ்ந்தேன். அது போக, போர்வெல் தண்ணீர் போதும் என்று சொன்னவர்களோடு மல்லுக்கட்டி, குடிநீருக்குத் தாமிரபரணித் தண்ணீரே வரும்படி செய்தேன். உள்ளே இருக்கிறவர்களும் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள்தானே என்று கூட்டத்தில் சொன்னபோது அதிகாரிகள் தலையாட்டினார்கள்.

முதல் சாமானை மாட்டிய அன்று அண்ணாச்சி எழுந்து நின்று அதையே பார்த்தார்.

"எல்லாம் சரிதாம்மா. குடிக்கதுக்கு எங்கன வைக்கிய?"

"இங்கதான் அண்ணாச்சி. மேல கிண்ணம் இருக்குல்லா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார், கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கட்டி முடித்து ஒப்படைக்கும்போது சான்றிதழில் என் கையால் ஒரு வரி எழுதினேன்: ஒவ்வோர் அறைக்குள்ளும் இருபத்து நான்கு மணி நேரமும் குடிநீர் உண்டு. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி வாங்கிய தாளையும் அதோடு குத்தி வைத்தேன்.

ஒரு வருஷம் பராமரிப்பும் எங்கள் பொறுப்பு. மாதம் ஒரு நாள் நானும் அண்ணாச்சியும் போவோம். முடுக்கில் அறைக்கு இரண்டு சின்ன மீட்டர் வைத்திருந்தேன், ஒன்று கழிவறைத் தண்ணீருக்கு, ஒன்று குடிநீருக்கு. யாரும் கேட்கவில்லை, என் ஆசைக்கு வைத்தது. முதல் மாதம் போய்ப் பார்த்தால் கழிவறை மீட்டர்கள் ஓடியிருந்தன. குடிநீர் மீட்டர்கள் அப்படியே நின்றன. ஐந்தாம் அறையில் மட்டும் முள் நன்றாக நகர்ந்திருந்தது.

பங்குனி மாதம். சுவர் தொட்டால் சுடுகிறது. ஏழு அறைப் பெண்களும் தண்ணீரே குடிக்காமலா இருப்பார்கள்? மீட்டர் கோளாறு என்று முடிவு செய்தேன். கழற்றி ஊதிப் பார்த்தேன், ஓடியது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று திறந்துவிட்டேன், சீறிக்கொண்டு தண்ணீர் வந்தது. வடிகட்டியில் மண் இருக்கும் என்றேன், இல்லை. பொத்தான் அமுக்கக் கடினமாக இருக்குமோ என்று ஸ்பிரிங்கை மாற்றினேன். வீட்டில் சாப்பிடும்போதுகூட அதே நினைப்பு. மீட்டர் விற்றவனுக்குக் கோபமாக ஒரு கடிதம்கூட எழுதினேன். இப்போது நினைத்தால் அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. இத்தனையும் செய்தேன். பகலில் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்களில் ஒருத்தியிடம், "ஏம்மா குடிக்கல?" என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. குழாயிடம் கேட்டுப் பழகியவளுக்கு ஆளிடம் கேட்க வரவில்லை.

"அஞ்சாம் ரூம்ல மட்டும் குடிக்காங்களே அண்ணாச்சி, அங்க என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"குடிக்காவளா?" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் நாங்கள் போன அன்று காலையில் கட்டடமே ஒரு மாதிரி இருந்தது. வாசலில் சோதனை போடுகிற பெண் காவலர் வழக்கமாக என் பையில் இருக்கிற ஒவ்வொரு திருகாணியையும் எண்ணுவாள். அன்றைக்கு எண்ணவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ரெண்டாம் ரூம் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்குக்கா. களக்காட்டுப் பக்கத்துப் புள்ள. வாழத்தோட்டத்து வேல பாத்தவ. ஏழு மாசம். காலைல கதவத் தொறந்தா வயித்தப் புடிச்சிட்டுச் சுருண்டு கெடக்கா."

"பிரசவ வலியா?"

"அப்டித்தான் பயந்தோம். டாக்டரு, தண்ணி குடிக்காம ஒடம்பு வத்திப்போயி நீர்க்கடுப்பு வந்து அதுல வலி எடுத்துருக்குன்னாரு. இன்னொரு மட்டம் இப்படி ஆச்சுன்னா புள்ள தங்காதுன்னு சொல்லிட்டாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். "ரூமுக்குள்ளயே தண்ணி இருக்கே! கை நீட்டினா வருமே!" என்றேன்.

காவலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கக்கூஸ்ல போயி யாருக்கா குடிப்பா?"

அண்ணாச்சி பக்கத்தில்தான் நின்றார். ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவளே கொட்டினாள். பகலில் முற்றத்துக் குழாயில் எல்லோரும் குடிக்கிறார்கள். பிரச்சினை சாயங்காலம் கதவு பூட்டினதிலிருந்து மறுநாள் விடிகிற வரைதான். பழைய கட்டடத்தில் ரூமுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. புதுக் கட்டடத்துக்கு வந்ததும் குடத்தை எடுத்துவிட்டார்கள். கேட்டால் கதவுத் துவாரம் வழியாக மொண்டு கொடுப்போம், இந்தப் பிள்ளை கூச்சக்காரி, கேட்க மாட்டாள் என்றாள். ஐந்தாம் அறைக்காரிகள் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில் கால் கழுவுகிறார்களாம், துணி அலசுகிறார்களாம்.

"குடத்த ஏன் எடுத்தாங்க?"

"அது மேடத்துட்டத்தான் கேக்கணும்."

சிறை அதிகாரியம்மா கண்டிப்பானவர், ஆனால் நியாயக்காரர். கேட்டதும் ஒரு கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். அறைகளில் குடங்களை எடுத்துவிடும்படி மேலிடத்து உத்தரவு. குடத்துக்குள் எதையும் ஒளித்து வைக்கலாம் என்று ரொம்ப நாளாகவே அவர்களுக்கு உறுத்தல் இருந்திருக்கிறது. காரணத்துக்கு என்னுடைய வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வோர் அறைக்குள்ளும் இருபத்து நான்கு மணி நேரமும் குடிநீர் உண்டு.

குடத்தை எடுத்தது யார் என்று தேடி வந்தவளுக்குத் தன் கையெழுத்தையே காட்டினால் என்ன செய்வாள்? உடனே என்னுடைய பாஷையில் பேசத் தொடங்கினேன். கதவுப் பக்கத்துச் சுவரில் தனியாகக் குடிநீர் வாய் வைத்துவிடலாம், காங்கிரீட்டை வெட்டிக் குழாய் கொண்டு போகலாம் என்றேன்.

"அனுமதி வந்து, வெட்டி முடிக்க எத்தன நாள் ஆகும்?" என்றார் அதிகாரியம்மா.

"மூணு மாசம்."

"அவளுக்கு ரெண்டு மாசம்தாம்மா இருக்கு. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட இன்னும் ஒரு ஆளும் வரல. உங்க ஒரு வரியாலதான் எடுத்தாங்க. மாத்தி ஒரு வரி எழுதிக் குடுங்க, கர்ப்பிணிய முன்னிட்டு நான் இன்னைக்கே குடத்த உள்ள வச்சிருவேன். மேல நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

மாற்றி எழுதுவது என்றால் நான் செய்த வேலை தப்பு என்று எழுதுவது. அது கோப்பில் ஏறும். இதே எஃகுச் சாமானை வைத்துப் பெரிய கட்டடம் ஒன்றுக்கு வேறு மாவட்டத்தில் படம் கொடுத்திருந்தேன். தண்ணீர் வருகிறது, சுத்தமாக வருகிறது, சோதனைத் தாள் இருக்கிறது, எப்படி இல்லை என்று எழுதுவேன்? யோசிக்க இரண்டு நாள் கேட்டேன். இரண்டு நாள் என்று சொல்லும்போதே எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. கிளம்புகிற நேரத்தில், "கொஞ்ச நாளைக்குக் காவலர விட்டு மொண்டு குடுக்கச் சொல்லுதேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து நம்பிக்கையாக ஒரு திட்டம் போட்டேன். அவர்களுக்குத் தெரியவில்லை, எடுத்துச் சொன்னால் குடிப்பார்கள். படித்தவள் நான், பக்குவமாக விளக்கினால் போதும்.

மூன்றாம் நாள் அதிகாரியம்மாவிடம் அனுமதி வாங்கி, காவலரோடு இரண்டாம் அறைக்குப் போனேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். என்ன வழக்கு என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எழுந்திருக்கப் போனவளை உட்காரச் சொன்னேன்.

விளக்கினேன். இது வேறு குழாய், அது வேறு குழாய். பின்னால் முடுக்கிலேயே பிரிந்து வருகிறது. இது நம்ம ஆத்துத் தண்ணி. கீழே இருப்பதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். நம்பவைக்க வேண்டும் என்று, பொத்தானை அமுக்கிக் கையில் பிடித்துக் குடித்தும் காட்டினேன். கட்டடம் கட்டத் தொடங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் அதில் நான் முதல்முதலாகக் குடிக்கிறேன் என்பது, குனிந்த பிறகுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினேன்.

அவள் நான் வாயைத் துடைக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"ஒங்க வீட்டுலயும் இப்டித்தான் வச்சிருக்கியளாக்கா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். எந்த ஊரில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நான் ஊர் ஊராகப் பார்த்துத் திரிகிறேனே, அதே ஆர்வத்தில் கேட்டாள்.

எங்கள் வீட்டில் சமையலறைக் குழாய்க்கும் குளியலறைக் குழாய்க்கும் மாடியில் ஒரே தொட்டிதான். நான் போட்ட குழாய்தான். மாடியில் குளியலறைக்குப் பக்கத்திலேயே படுக்கிறோம். தாகம் எடுத்தால் படி இறங்கி, சமையலறை வரைக்கும் போய்க் குடித்துவிட்டு வருகிறேன், முழங்கால் வலியோடு. ஒரு நாளும் குளியலறைக் குழாயில் வாய் வைத்ததில்லை. ஏன் என்று யோசித்ததும் இல்லை. எனக்கே அப்படி இருக்கும்போது, எட்டு அறைப் பெண்களுக்கு எந்த மனசோடு அதை வைத்தேன்? ஜெயிலுக்கு வந்தால் இதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அந்த நினைப்பு என்னுடையதுதான். அதை எந்த வெளிநாட்டுக்காரனும் எனக்கு விற்கவில்லை.

"இல்லம்மா" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். அவ்வளவுதான்.

அங்கிருந்து நேரே அதிகாரியம்மா மேஜைக்குப் போய்த் தாள் கேட்டேன். எழுதினேன்: அறைகளில் வைத்திருக்கும் அமைப்பில் வரும் நீரை இங்குள்ள மனிதர்கள் யாரும் குடிக்க மாட்டார்கள், நானும் குடிக்க மாட்டேன். ஆகவே அறைகளில் குடிநீர் இல்லை. முந்தைய சான்றிதழில் நான் எழுதியது தவறு. கையெழுத்தும் போட்டேன். அதிகாரியம்மா இரண்டு தடவை படித்தார். "நானும் குடிக்க மாட்டேன்னு இருக்கே, இது வேணுமா?" என்றார். வேணும் என்றேன்.

வெளியில் அண்ணாச்சி நின்றார். "அண்ணைக்கே ஏன் அண்ணாச்சி சொல்லல?" என்று சண்டைக்குப் போனேன்.

"கேட்டேனேம்மா. நீங்க கிண்ணத்தக் காட்டுனிய. வெளிநாட்டுச் சாமானு, படிச்சவுக பாத்து வச்சிருக்காவன்னு நானும் விட்டுட்டேன். எம்மேலயும் தப்புதான்" என்றார்.

அந்த இன்னொரு மாவட்டத்துப் படத்தை நானே திருப்பி வாங்கினேன். அதற்கு வாங்கிய பேச்செல்லாம் வேறு கதை.

எழுதிக் கொடுத்த அன்றே சாயங்காலம் கதவு பூட்டுகிற நேரத்துக்கு முன்னால் காவலர் எட்டுப் புதுக் குடங்களை நிரப்பி டம்ளரோடு வரிசையாக உள்ளே வைத்தாள். இரண்டாம் அறைக்கு வைக்கும்போது நானும் வாசலில் நின்றேன். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. குடத்துக்கு முன்னால் சிரமப்பட்டு உட்கார்ந்து, டம்ளரை முக்கி நிறைய மொண்டாள். குடிக்கப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரை இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க மொதல்ல குடிங்கக்கா. காலைல வந்தப்ப ஒங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க ஏங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வாங்கிக் குடித்தேன். அதன் பிறகுதான் அவள் குடித்தாள்.